முத்து போட்ட வீட்டுப் புத்தகம்

அந்தக் கோடையில் எங்கள் தெருவில் தாளிக்கிற வாசனை நின்றுபோயிற்று. காலை பத்து மணியானால் கடுகும் மிளகாய் வற்றலும் எண்ணெயில் வெடித்து, தெருவில் நடக்கிறவர்களை இருமவைத்துக்கொண்டிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக அடங்கி, வாசல் நிலையில் வேப்பங்குழையைச் செருகிக்கொண்டன. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது என்பது முறை. ஆகவே பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மூக்கை வைத்தே நாங்கள் கணித்துக்கொள்வோம். நேற்று மணத்த வீடு இன்று மணக்கவில்லை என்றால் அங்கேயும் வந்துவிட்டது. நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை. "முத்து போட்டிருக்கு" என்பார்கள். தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்து அப்போது பல வருஷம் ஆகியிருந்தது. சங்கு மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் கிடக்க வேண்டிய முத்தெல்லாம் இந்த வருஷம் கரையேறிப் பிள்ளைகள் முகத்தில் வந்து உட்காருது என்று மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருநாள் எங்கள் வாசலில் சொன்னதும், என் அம்மா மீன் வாங்காமலே கதவைச் சாத்தியது நினைவிருக்கிறது.

எனக்கு அப்போது பதினோரு வயது. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அப்பா துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜண்ட் ஆபீசில் கிளார்க். அம்மா தெற்கே நாசரேத் ஊரில் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் என்பதால் தெருவில் எல்லாருக்கும் அவள் "டீச்சரக்கா". எனக்குப் பின் ஏழு வருஷம் கழித்துப் பிறந்த தம்பி சாமுவேல் நான்கு வயதுப் பிள்ளை. சாமு என்று கூப்பிடுவோம். நாங்கள் நால்வர்தான் வீட்டில்.

காகிதத்துக்குத் தட்டுப்பாடான காலம் அது. புதுப் புத்தகம் ஊருக்குள் வருவதே அபூர்வம்; வந்தாலும் எது படிக்கத் தகுந்தது என்று சொல்ல ஆள் கிடையாது. அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். கொழும்பிலிருந்து வந்த காலித் தேயிலைப் பெட்டி ஒன்றை அப்பாவை விட்டு ஆபீசிலிருந்து கொண்டுவரச் செய்து, அதில் எங்களிடம் இருந்த பதினோரு புத்தகங்களை அடுக்கினாள். மற்ற ஆறு வீட்டுப் பெண்கள் தங்களிடம் இருந்ததைப் போட்டார்கள். சனிக்கிழமை தோறும் பெட்டி அடுத்த வீட்டுக்குப் போகும். ஏழு வாரத்தில் ஒரு சுற்று முடிந்து திரும்பி வரும். "சுத்துப் பெட்டி" என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே பதித்த ஈயத்தாளில் ஒட்டியிருந்த தேயிலைத் தூளின் மணமும், பைண்டு செய்த பசையில் பூச்சி அரிக்காமலிருக்கக் கலந்த மயில்துத்தத்தின் காரமும் சேர்ந்து அடிக்கும். தோணிக்காரர்கள் மூலம் கொழும்பிலிருந்தும், சொந்தக்காரர்கள் மூலம் சென்னையிலிருந்தும் எப்போதாவது ஒரு புதுப் புத்தகம் அதற்குள் வந்து சேரும். நாவல்கள், யாரோ ஒருவரின் வாழ்க்கைக் கதை, நட்சத்திரங்களைப் பற்றி ஒன்று, பிள்ளைப்பேற்று வைத்தியம் ஒன்று, கடற்பயணம் ஒன்று, எல்லாம் கலந்து கிடக்கும்.

ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் அம்மா ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியிருந்தாள். படித்தவர்கள் அதில் ஒரு வரி எழுத வேண்டும். பெரும்பாலோர் "நல்ல கதை" என்றோ "கண்ணீர் வந்தது" என்றோ எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். ஒரே ஒரு கையெழுத்து மட்டும் வேறு மாதிரி இருந்தது. மழுங்கிய பென்சிலால் சின்னச் சின்னதாக, எழுத்துக்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் இருக்கும் அது. ஒரு நாவலின் கீழே, "முதல் அறுபது பக்கத்தைத் தள்ளிவிட்டுப் படிக்கவும்." கடற்பயணத்தின் கீழே, "இவர் கப்பலில் ஏறியது உண்மை. புயலைப் பார்த்தது பொய்." நட்சத்திரப் புத்தகத்தின் கீழே, "சரியாக இருக்கிறது. மாடியில் நின்று சரிபார்த்தேன்." எல்லாரும் கண்ணீர் விட்ட ஒரு கதையின் கீழே, "அழவைக்கத் தெரிகிறது. வேறொன்றும் தெரியவில்லை."

அது சொர்ணம் அக்காவின் கை. எங்களுக்கு அடுத்தபடியாகப் பெட்டி போகிற வீடு அவளுடையது. இரண்டு தெரு தள்ளி, உப்பளத்துக்குப் போகும் பாதையோரத்தில் இருந்த உப்பு வியாபாரி வீட்டு மருமகள். இருபத்தைந்து வயது இருக்கும். கயத்தாற்றுப் பக்கம் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள். புருஷன் கொழும்பில் கடை வைத்திருந்தார். மாமியாரும் ஏழு வயது மகள் வள்ளியும் வீட்டில். அவளை நான் இரண்டு மூன்று தடவைக்கு மேல் பார்த்ததில்லை. ஆனால் ஏழு வாரத்துக்கு ஒருமுறை பெட்டி வந்ததும் நான் முதலில் புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைத்தான் பார்ப்பேன். அவள் வேண்டாம் என்றதை ஒதுக்கினேன். வேண்டும் என்றதை, புரியாவிட்டாலும், பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். ராஜகுமாரன் கதை மட்டுமே கதை என்று நினைத்திருந்த எனக்கு, நடந்ததை நடந்தபடி ஒருவர் எழுதினால் அதுவும் மூச்சைப் பிடிக்கவைக்கும் என்று தெரிந்தது அப்படித்தான். பிறகு நானும் அம்மாவிடம் கேட்காமலே அந்தத் தாளில் ஒரு வரி எழுத ஆரம்பித்தேன். அடுத்த சுற்றில் அதன் கீழே பதில் இருக்கும். "கனி சொல்வது பாதி சரி" என்று என் பெயரையே போட்டு ஒருமுறை எழுதியிருந்தாள். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

அந்தப் பங்குனியில் பெட்டிக்குள் ஒரு புதுப் புத்தகம் வந்தது. அதன் பெயரை எழுத எனக்கு இன்றும் மனம் வரவில்லை. ஒரு பெண் தன் கதையைத் தானே எழுதியது. எங்கள் துறைமுகத்தில்தான் ஆரம்பிக்கும். ஆறு வயதுப் பெண் தாய் தகப்பனோடு மலைத்தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறக் காத்துக் கிடக்கிறாள், கூட்டத்தில் தங்கை கையைவிட்டு நழுவிவிடுகிறாள், கப்பல் கிளம்பிவிடுகிறது. நான் தினமும் பார்க்கிற பாலமும், படகுகளும், சங்குக் கொட்டகையின் அழுகல் நாற்றமும் அச்செழுத்தில் இருந்தன. நம் ஊரைப் பற்றியும் புத்தகம் எழுதுவார்களா என்று நான் திகைத்துப்போனேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தபோது சனிக்கிழமை வந்துவிட்டது. அம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"முறைன்னா எல்லாருக்கும் முறைதான்ளா. ஏழு வாரத்துல திரும்பி வரும்."

பெட்டி சொர்ணம் அக்கா வீட்டுக்குப் போனது. அதற்கு அடுத்த சனிக்கிழமை அது அங்கிருந்து நகரவில்லை. வள்ளிக்கு முத்து போட்டுவிட்டது.

சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து அந்த வீட்டுக் கதவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார். நோயாளி அறையில் கிடந்த துணி, பாய், காகிதம் எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னாராம். அம்மா அன்று மற்ற வீடுகளுக்குச் சொல்லி அனுப்பினாள்: "பெட்டியை மறந்துருங்க. பிள்ள பொழைச்சாப் போதும்." எல்லாரும் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. இன்றைக்கு எரிப்பார்களோ, நாளைக்கு எரிப்பார்களோ என்றே ஒவ்வொரு நாளையும் கடத்தினேன். வள்ளியைப் பற்றி நான் அவ்வளவாக நினைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் நினைப்பெல்லாம் நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகல். காற்று செத்துக் கிடந்தது. அம்மா சாமுவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்திருந்தாள். நான் புறவாசல் வழியாக இறங்கி, உப்பளப் பாதையில் நடந்து, சொர்ணம் அக்கா வீட்டுப் பின்புறத்துக்குப் போனேன். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அந்த வீட்டுப் பின்சுவர் என் நெஞ்சு உயரம்தான். எட்டிப் பார்த்தால், கிணற்றைச் சுற்றிய சிமெண்டுத் தரையில் எங்கள் புத்தகங்கள் எல்லாம் வரிசையாக விரித்து வெயிலில் கிடந்தன. ஒவ்வொன்றின்மேலும் பறக்காமல் ஒரு ஓட்டுச்சில். நான் தேடியது சுவரோரமாக, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது.

சொர்ணம் அக்கா வெளியே வந்தாள். தலை வாரிப் பல நாள் ஆகியிருக்கும். கையில் வேப்பிலைக் கொத்து. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏளா, யாரு? டீச்சரக்கா மவளா? இங்கன நிக்காத. ஓடு!"

"அக்கா, அந்தப் புஸ்தகம்... பாதிதான் படிச்சேன்."

"பிள்ள உள்ள தணலாக் கெடக்கா, ஒனக்குப் புஸ்தகமா கேக்கு?" என்றாள். பிறகு குரல் தணிந்துவிட்டது. "எல்லாம் அவ தலைமாட்டுல கெடந்தது கனி. வாசிச்சுக் காட்டு, வாசிச்சுக் காட்டுன்னு கெஞ்சுவா. இன்ஸ்பெக்டரு எரிக்கச் சொல்லிட்டாரு. எனக்குத்தான் கை வரல. வெயில்ல காஞ்சா வெசம் போயிருமோன்னு பாக்கேன். நீ ஒண்ணையும் தொடப்பிடாது, கேட்டியா? வீட்டுக்குப் போயிக் கைகாலைக் கழுவு."

உள்ளேயிருந்து முனகல் கேட்டது. அவள் திரும்பி ஓடினாள். நான் சுவரின்மேல் குனிந்து கையை நீட்டினேன்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் அம்மை குத்தியிருந்தது. இடது தோளில் இரண்டு தழும்பு உண்டு. அதனால் எனக்கு வராது என்று தெரிந்திருந்தது. மற்றவர்களைப் பற்றி யோசிக்கவில்லை. புத்தகத்தைப் பாவாடைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, எங்கள் விறகு அறையில் ஓலைக்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முதலில் பின்னட்டையைத் திருப்பினேன். "இன்னும் முடிக்கவில்லை" என்று நான் எழுதியிருந்ததன் கீழே அந்தச் சாய்ந்த பென்சில் எழுத்து: "நூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தியது யார்? அதற்குப் பிறகுதான் புத்தகமே."

படித்தேன். அரை மணி நேரம் போயிருக்கும். தூக்கம் கலைந்த சாமு என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டான். வெளியே போய் அம்மாவிடம் சொல்லிவிடுவானே என்று அவனை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டேன். புத்தகத்தின் நடுவே ஒரு கப்பல் படம் இருந்தது. "கப்பலு, கப்பலு" என்று அதைத் தடவினான். கன்னத்தை அதன்மேல் வைத்துக்கொண்டான். பிறகு, அப்பா ஆபீஸ் காகிதங்களைப் புரட்டுகிற மாதிரியே விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். அவன் சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்று நான் விட்டுவிட்டேன். அவன் புரட்டின வேகத்துக்கே நானும் படித்தேன். பொழுது சாய்வதற்குள் கடைசிப் பக்கம் வந்துவிட்டது. எத்தனையோ நூறு புத்தகங்கள் அதற்குப் பிறகு படித்திருக்கிறேன். அதற்கு இணையாக ஒன்று கிடைக்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை காலை, தெருவில் யாரோ அம்மாவைக் கூப்பிடும் குரல் கேட்டது. சொர்ணம் அக்கா நடுத்தெருவில் நின்றாள். தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு சேலையை முக்காடு போட்டிருந்தாள். வாசலுக்கு வந்த அம்மாவை அங்கேயே நில்லுங்கள் என்று கையைக் காட்டினாள்.

"டீச்சரக்கா, கிட்ட வரல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருதேன். காயப் போட்ட புஸ்தகத்துல ஒண்ணு காணல. நேத்து மத்தியானம் கனி அங்கன வந்தா. எடுத்தாளான்னு கேளுங்க. எடுத்திருந்தா இப்பவே தீயில போட்டுருங்க."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "எடுத்தியாளா?"

"இல்லம்மா."

"அந்தப் பக்கம் போனியா?"

"போகவே இல்லம்மா."

என் குரல் அவ்வளவு தெளிவாக வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சொர்ணம் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்ன யாரும் ஏச மாட்டாவ தாயி. எடுத்திருந்தா சொல்லிரு. வீட்ல சின்னப் பிள்ள இருக்கான்."

"நான் எடுக்கல. அக்கா பொய் சொல்லுதாவ."

இதற்குள் எதிர்வீட்டுக் கதவுகள் திறந்துவிட்டன. முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி கடையை விட்டிறங்கி வந்தார். "ஆத்தா வீட்ல இருக்கும்போது நடுத்தெருவுல வந்து நிக்கியே, ஒனக்கு அறிவிருக்கா? ஊரையே முடிச்சிரலாம்னு வந்தியா?" என்று கத்தினார். யாரோ ஒரு பெண் வாளி நிறையச் சாணித் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் கால்மாட்டில் வீசி ஊற்றினாள். சொர்ணம் அக்கா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. கடைசியாக ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துபோனாள். அவள் நின்ற இடத்தில் அன்று மூன்று வீட்டுக்காரர்கள் சுண்ணாம்பைத் தூவினார்கள்.

அன்று மத்தியானம் குளிக்க வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் புத்தகத்தைச் செருகினேன். கெட்டி அட்டை, சீக்கிரம் பிடிக்கவில்லை. ஓலையைத் திணித்துத் திணித்து ஊதினேன். "என்னளா கருகுது?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள். ஓலை ஈரம் என்றேன்.

திங்கட்கிழமை அம்மை குத்துகிறவர் எங்கள் தெருவுக்கு வந்தார். சைக்கிளில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் கண்ணாடிக் குழாய்கள். வீடு வீடாக நின்று கேட்டுக்கொண்டே வந்தார். சாமுவுக்கு அதுவரை குத்தியிருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு காய்ச்சல் குறுக்கே வந்திருந்தது. அன்றும் அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"முத்து போட்ட வீட்டோட ஏதாச்சும் போக்குவரத்து உண்டாம்மா? உண்டுன்னா சளியெல்லாம் பாக்கப்பிடாது, இப்பவே குத்திரணும். இல்லன்னா அடுத்த வாரம் வாரேன், அப்பம் குத்திக்கலாம்."

அம்மா ஒரு கணம் யோசித்தாள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த என் பக்கம் லேசாகத் திரும்பினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஒண்ணும் கெடையாதுய்யா. சளி கொறையட்டும்."

சைக்கிள் மணி அடுத்த வாசலுக்குப் போயிற்று.

பிறகு நாட்களை எண்ண ஆரம்பித்தேன். தொட்டதிலிருந்து பன்னிரண்டு நாளில் தெரிந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். காலையில் எழுந்ததும் சாமுவின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அவன் சோற்றை மிச்சம் வைத்தால் மறுபடியும் போய்த் தொட்டுப் பார்ப்பேன். அவன் துள்ளி விளையாடினால், ஒன்றும் இல்லை, ஒன்றும் வராது என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்வேன். அடுத்த வாரம் வருவதாகச் சொன்ன அம்மை குத்துகிறவர் வரவில்லை. பக்கத்துக் கிராமங்களில் நோய் மிஞ்சிவிட்டதால் அங்கே அனுப்பிவிட்டார்களாம். இதற்கிடையில் கடலோரத் தெருக்களில் மாதா கோயில் மணி ஒருநாளில் இரண்டு முறை, மூன்று முறை என்று துக்கத்துக்கு அடிக்க ஆரம்பித்திருந்தது. மணி கேட்கும்போதெல்லாம் அம்மா கை வேலையை நிறுத்திவிட்டுச் சாமுவைத் தேடுவாள்.

பதினோராம் நாள் தாண்டியது. பன்னிரண்டாம் நாள் புதன்கிழமை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது சாமு கட்டிலில் கிடந்தான். முதுகு வலிக்குது என்றான். நான்கு வயதுப் பிள்ளை முதுகு வலிக்குது என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. மூன்றாம் நாள் நெற்றியில் சிவப்பாகப் பொடிப்பொடியாகக் கிளம்பியது. அது முகமெங்கும் இறங்கி, நீர் கோத்து, உருண்டு, நிஜமாகவே முத்துக்களைப் போல நெருங்கி உட்கார்ந்தபோதுதான் ஊர் ஏன் அப்படிச் சொல்கிறது என்று எனக்குப் புரிந்தது. வாழையிலையில் கிடத்தினோம். உள்ளங்கால்வரை முத்து. வாய்க்குள் முத்து. தண்ணீர் விழுங்க முடியாமல், அழவும் முடியாமல், பூனைக்குட்டி போல ஒரு சத்தம் மட்டும் அவனிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அப்பா ஆபீசுக்குப் போகாமல் வாசலில் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைத் திறந்து படித்ததாக நினைவில்லை. அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள்:

"பாவி, அவ வந்து நின்னாளே. தெருவுல வந்து நின்னாளே. அவளாலதான்."

தெரு முழுவதும் அதையே சொல்லியது. சாமுவுக்குப் பிறகு எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு வீடுகளில் வந்தது. ஒரு கைக்குழந்தை தவறிப்போயிற்று. எல்லாம் சொர்ணத்தால்தான் என்றார்கள். அவள் வீட்டுக்குப் பால் கொடுப்பதை நிறுத்தினார்கள். அந்த வீட்டு வாசலில் யாரோ குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நான் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று அம்மாவின் முன்னால் போய் நின்ற நாட்கள் உண்டு. அவள் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

சாமு பிழைத்துக்கொண்டான். தோல் உரிந்து எழுந்து உட்கார்ந்தபோது, முகம் மழை கொட்டிய மணல் போலக் குழிகுழியாக இருந்தது. இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. கண்ணாடியைக் கேட்டான். அம்மா வீட்டிலிருந்த ஒரே கண்ணாடியைச் சுவரிலிருந்து எடுத்து எங்கோ ஒளித்துவைத்தாள். ஒரு வருஷம் எங்கள் வீட்டில் கண்ணாடி இல்லை.

வைகாசி கடைசியில் ஒரு மாட்டுவண்டி வாசலில் நின்றது. வண்டிக்காரன் சுத்துப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுப் போனான். சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்திருந்தார்கள். தேயிலை மணம் துளியும் இல்லை. உள்ளே ஒரு தாள் மட்டும் இருந்தது. எரித்த புத்தகங்களின் பெயர்களை அந்தச் சாய்ந்த எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, "இவையெல்லாம் என் கையாலேயே எரித்தேன். மன்னிக்கவும்" என்று முடித்திருந்தாள். கடைசியாக இருந்த பெயர் நான் எடுத்த புத்தகத்தின் பெயர்.

அம்மா அதைப் படித்துவிட்டு, "பாத்தியா, அந்தப் புஸ்தகம் அவகிட்டயேதான் இருந்திருக்கு. சும்மா இங்க வந்து நின்னு பிள்ளைக்குக் கொண்டுவந்துட்டா" என்றாள்.

அந்த வரியைச் சொர்ணம் அக்கா ஏன் எழுதினாள் என்று நான் அறுபது வருஷத்துக்கு மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எரிக்கச் சொன்ன நாளிலேயே எரிக்காமல் விட்டது தன் குற்றம் என்று நினைத்தாளோ, பதினோரு வயதுப் பெண் தம்பியின் முகத்தைத் தினமும் பார்ப்பதே போதுமான தண்டனை என்று நினைத்தாளோ, எனக்குத் தெரியாது. வள்ளி பிழைத்துக்கொண்டாள் என்றும், தாயும் மகளும் கயத்தாற்றுக்கே போய்விட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். சொர்ணம் அக்காவை நான் மறுபடி பார்க்கவில்லை. சுத்துப் பெட்டியை அம்மா மறுபடி தொடங்கவில்லை. அது கரி போட்டுவைக்கிற பெட்டியாயிற்று.

நான் படித்து, நாசரேத்தில் ஆசிரியை ஆனேன். பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. இருபத்து நான்காம் வயதில், அப்படி வந்த புத்தகக் கட்டில் பொது சுகாதாரம் பற்றி ஒரு டாக்டர் எழுதிய சின்னப் புத்தகத்தைப் பிரித்தேன். நல்ல புத்தகம்; எளிமையாக, ஒரு சொல் மிகாமல் எழுதியிருந்தார். அதில் ஒரு பத்தி இருந்தது. நோய் தொற்றிய மூன்று நாளைக்குள் அம்மைப்பால் குத்திவிட்டால் பெரும்பாலும் நோயைத் தடுத்துவிடலாம், வந்தாலும் லேசாக வந்து போய்விடும் என்று. நான் விரல் விட்டு எண்ணினேன். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். அந்தத் திங்கட்கிழமை, கதவுக்குப் பின்னால் நான் நின்றபோது, மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதுவரை புத்தகத்தை எடுத்ததுதான் என் குற்றம் என்று நினைத்திருந்தேன். சைக்கிள்காரர் கேட்டபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தப் புத்தகத்தை நூலகத்தில் சேர்த்தேன். பிள்ளைகளைக் கட்டாயம் படிக்கவும் சொன்னேன்.

சாமு கப்பலில் வேலைக்குப் போக ஆசைப்பட்டான். கண்ணைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பெண் வீட்டார் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். நாற்பதாம் வயதில்தான் கல்யாணம். சாத்தான்குளத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றான். கடைசிவரை அம்மா அவனிடம், உப்பளத் தெரு சொர்ணம் என்று ஒருத்தி இருந்தாள், அவளால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் அதை நம்பினான். தன் பிள்ளைகளுக்கும் சொன்னான்.

இன்று அந்தத் தெருவில் வீடு என்று மூன்றுதான் மிச்சம். மற்றதெல்லாம் சரக்கு வைக்கும் கிடங்குகள். விடியக்காலையிலிருந்து கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அந்த நோயே உலகத்தில் இல்லை என்கிறார்கள். என் பேத்திகளின் தோளில் அந்தத் தழும்பு கிடையாது. என் தோளைப் பார்த்து இது என்ன ஆச்சி என்று கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பென்சில் வரியை நம்பிப் புத்தகம் எடுக்கிற பழக்கமும் போய்விட்டது. இதையெல்லாம் யாராவது எழுதிவைத்தால் நன்றாயிருக்கும் என்றுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். எழுத எழுத, இதை முதலில் படிக்க வேண்டியவன் ஒருவன் இருக்கிறான் என்று தோன்றிவிட்டது.

பஸ் ஏறிச் சாத்தான்குளம் போனேன். சாப்பாட்டுக்குப் பிறகு, அவனை எதிரே உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். விறகு அறையை, கப்பல் படத்தை, அவன் விரலை நாக்கில் தொட்டுப் புரட்டியதை, நடுத்தெருவில் நின்று சொர்ணம் அக்கா கேட்டதை, திங்கட்கிழமையை. அவன் நல்ல கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அந்தப் பொம்பளை உயிரோட இருக்காளா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "நீ போயித் தேடலையா எக்கா?" என்றான். இல்லை என்றேன்.

எழுந்து உள்ளே போனான். நான்கு மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அவன் மனைவிதான் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள்.

இரண்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனை முடிந்ததும் கூப்பிடுகிறவன், கூப்பிடவில்லை. போன வாரம் அவன் மகன் பேசினான். அப்பா இரண்டு தடவை கயத்தாற்றுக்குப் போய்வந்தார்கள் அத்தை, யாரைத் தேடிப் போகிறார்கள் என்று எங்களிடம் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டான்.